நடந்ததும் பி.பி. கூடுகிறது, ஓடியதும் குறைகிறது: எந்த அளவை நம்புவது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். வயது 52. பி.பி.க்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை தினமும் காலையில் ஒன்று போடுகிறார். வ.உ.சி. மைதானத்தில் வேகமாக நடந்து முடித்த கையோடு பார்த்தால் 158/84 வருகிறது. வீட்டுக்கு வந்து, குளிப்பதற்கு முன் பார்த்தால் 124/76. போன வாரம் அக்கா மகனோடு சேர்ந்து ஓடியிருக்கிறார். ஓடி முடித்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 108/70. "வேகத்தைக் கூட்டுவது நல்லதா, கெட்டதா? இதில் எது என் உண்மையான பி.பி.? இப்படிக் குறைகிறதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். இதயக்காரர்களுக்கும் பி.பி.காரர்களுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுப்பதுதான் அன்றாட வேலை. இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அண்ணாச்சி, நீங்கள் எழுதிய மூன்று அளவும் சரிதான். மிஷினில் கோளாறு ஏதும் இல்லை. மூன்றும் வெவ்வேறு நேரத்தில் எடுத்தவை, அவ்வளவுதான். ஆனால் மூன்றில் ஒன்றுகூட உங்கள் "ஓய்வு பி.பி." இல்லை. டாக்டர் 140/90 என்று கோடு போட்டுப் பேசுவது ஓய்வில் எடுத்த அளவை வைத்து. அதை எப்படி எடுப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த 158. நடக்கும்போது கால் சதைக்கு இரத்தம் நிறைய வேண்டும். அதற்காக இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது, மேல் அளவு ஏறுகிறது. வேகமாக நடக்கிற நடுவயதுக்காரருக்கு 160, 170 போவது இயல்பு. நன்றாக மூச்சு வாங்க ஓடினால் 200-ஐத் தொடுவதும் உண்டு. கீழ் அளவு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும், அல்லது கொஞ்சம் இறங்கும். காரணம், வேலை செய்கிற சதைகளில் இரத்தக்குழாய்கள் அகலமாகத் திறந்துகொள்கின்றன. உங்கள் 158/84-இல் கீழ் அளவு, மேல் அளவைப் போல ஏறாமல் இருப்பதைப் பாருங்கள். உடம்பு செய்ய வேண்டியதைச் செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

மைதான வாசலில் ஒரு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, மேலே பி.பி. மிஷின். நாலு சுற்று முடித்து வியர்வை வடிய வருகிறவர் நேராக அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். பட்டையைச் சுற்றும்போதே பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சு. அளவு 160 என்று வந்ததும் முகம் மாறுகிறது. அன்று முழுக்கப் பயம், மறுநாள் நடப்பதற்கே தயக்கம். இப்படி நடையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசுக்கு வருத்தமாக இருக்கும். நடந்து முடித்த ஐந்து நிமிடத்துக்குள் எடுத்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இப்போது 124-க்கும் 108-க்கும் வருவோம். பயிற்சியை நிறுத்தினால் மேல் அளவு ஐந்து பத்து நிமிடத்தில் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அங்கே நிற்காது. நடப்பதற்கு முன் இருந்ததைவிடக் கீழே போய், பல மணி நேரம் அங்கேயே இருக்கும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே லெனார்ட் ஹில் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர், ஓடி முடித்தவரின் அழுத்தம் ஓடுவதற்கு முன் இருந்ததைவிடக் குறைவதைப் பதிவு செய்திருக்கிறார். பிறகு வந்த ஆராய்ச்சிகள் இதற்கு அளவு சொல்லின: பி.பி. உள்ளவர்களுக்கு ஒருவேளைப் பயிற்சியில் பொதுவாக 5 முதல் 10 வரை இறங்கும். சிலருக்கு அதற்கு மேலும் போகும். பி.பி. இல்லாதவருக்கு இறக்கம் குறைவு. ஏற்கெனவே கூடியிருப்பவருக்குத்தான் நன்றாக இறங்குகிறது, அதுதான் இதில் உள்ள நல்ல விஷயம்.

ஏன் இறங்குகிறது? நம் ஊர் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கால்வாயில் தண்ணீர் நிறைய வரும்போது எல்லா மடையையும் திறந்துவிட்டிருக்கிறார்கள். மேலே வரத்து குறைந்த பிறகும் மடைகளை யாரும் அடைக்கவில்லை என்றால் வாய்க்காலில் மட்டம் என்ன ஆகும்? முன்பு இருந்ததைவிடக் கீழே போகும். ஓடி முடித்த உடம்பிலும் இதயத்தின் வேகம் குறைந்துவிடுகிறது, கால் சதைக் குழாய்கள் மட்டும் இன்னும் திறந்தே கிடக்கின்றன.

அவற்றை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று மூளை. கழுத்துக் குழாயிலும் இதயத்தை ஒட்டிய பெருங்குழாயிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. பயிற்சிக்குப் பிறகு இவற்றின் இலக்கே கொஞ்சம் கீழே மாற்றி வைக்கப்படுகிறது. அதனால் குழாய்களை இறுக்கச் சொல்லும் நரம்புக் கட்டளை குறைகிறது. இன்னொன்று ஹிஸ்டமின். தும்மல், தடிப்பு, அரிப்பு என்றால் நாம் குற்றம் சொல்லும் அதே ஹிஸ்டமின்தான். வேலை செய்த சதைக்குள்ளேயே அது சுரந்து குழாய்களை விரித்து வைக்கிறது. இதைக் கண்டுபிடித்த விதம் அழகு. அலர்ஜிக்குக் கொடுக்கிற ஃபெக்சோஃபெனடின், வயிற்று அமிலத்துக்குக் கொடுத்துவந்த ரானிடிடின், இவற்றைக் கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்யவைத்தால் அந்த இறக்கம் பெருமளவு காணாமல் போகிறது. (இதைப் படித்துவிட்டு அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆராய்ச்சிக்குக் கொடுத்தது வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு.)

சரி, உங்கள் முக்கியக் கேள்வி: வேகம் கூடினால் இறக்கமும் கூடுமா?

கூடும். 2010-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அழுத்தம் ஓரளவு கூடியிருந்த 45 ஆண்களை வைத்து இதைப் பார்த்தது. வெவ்வேறு நாளில் ஒரு தடவை சும்மா உட்காரவைத்தார்கள். ஒரு தடவை அவர்களுடைய முழுத் திறனில் 40 சதவீதத்துக்கு சைக்கிள் மிதிக்கவைத்தார்கள், ஒரு தடவை 60 சதவீதத்துக்கு, ஒரு தடவை இதற்கு மேல் முடியாது என்கிற வரைக்கும். பிறகு தானாக அளக்கும் கருவியைக் கையில் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். சும்மா இருந்த நாளோடு ஒப்பிட்டால், அடுத்த ஒன்பது மணி நேரத்தில் மேல் அளவு சராசரியாக மெதுவான நாளில் சுமார் 3, நடுத்தர நாளில் சுமார் 5, முழு மூச்சு நாளில் சுமார் 12 குறைவாக இருந்தது. படிப்படியான ஏற்றம், தெளிவாகவே தெரிகிறது.

ஆனால் இதே கேள்வியை 1991-இல் கேட்ட இன்னோர் ஆய்வில், 40 சதவீதமும் 70 சதவீதமும் அரை மணி நேரம் செய்யவைத்தபோது இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. பி.பி. உள்ளவர்களுக்கு இரண்டு வேகத்திலும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் அழுத்தம் குறைந்தே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்து நான் எடுத்துக்கொள்வது இது: உச்ச வேகத்தில் கூடுதல் இறக்கம் உண்டு, அதே சமயம் மெதுவான நடையிலும் வீண் போவது எதுவும் இல்லை. 'ஓடினால்தான் பி.பி. குறையும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த 12 புள்ளியைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அது பரிசோதனைக் கூடத்தில், ஆள் பக்கத்தில் நிற்க, இதயத்தைக் கண்காணித்துக்கொண்டே செய்தது. வருடக்கணக்கில் ஓடாத 52 வயதுக்காரர், மாத்திரை போட்டுக்கொண்டு, கபடி ஆடுகிற இளவட்டத்தோடு சேர்ந்து மைதானத்தைச் சுற்றி ஓடுவது வேறு. பழக்கம் இல்லாதவர் திடீரென்று கடுமையாக உழைத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். தொடர்ந்து பயிற்சி செய்கிறவருக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும் என்பதும் நிறுவப்பட்டதுதான். அதனால் உங்களுக்கு நான் சொல்வது: இப்போதைக்கு ஓட்டம் வேண்டாம், வேக நடை போதும். இரண்டு மூன்று மாதம் போகட்டும். டாக்டரிடம் காட்டி, ஈ.சி.ஜி.யும் அவர் தேவை என்று நினைத்தால் டிரெட்மில் பரிசோதனையும் முடித்துக்கொண்டு, பிறகு நடைக்கு நடுவே ஒவ்வொரு நிமிடமாக ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேகத்தை எப்படி அளப்பது? 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு என்பது பலருக்கும் தெரிந்த கணக்கு. உங்களுக்கு 168 வருகிறது. அதில் பாதி முதல் 70 சதவீதம் வரை, அதாவது 84 முதல் 118 வரை, நடுத்தர வேகம். இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து முன்னே பின்னே இருக்கும். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை போடுகிறவர்கள் இந்தக் கணக்கையே மறந்துவிட வேண்டும். அந்த மாத்திரைகள் நாடியை ஏறவிடாது. 118 வரவில்லையே என்று அவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஆபத்து. எல்லாருக்கும் பொருந்துவது பேச்சுக் கணக்கு: நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அது நடுத்தர வேகம். பாடவும் முடிகிறது என்றால் மெது நடை. நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அது கடுமையான வேகம், உங்களுக்கு இப்போது தேவையில்லாதது.

இதைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எத்தனை தடவை என்பதை. ஒரு தடவை நடந்த பலன் சில மணி நேரத்தில் தேய ஆரம்பித்துவிடும், அதிகம் போனால் ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு மற்ற ஆறு நாளும் கடையில் உட்கார்ந்திருந்தால், திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாம் பழையபடி. தினமும் நடந்தால், முந்தின நாள் இறக்கம் முழுதாக மறைவதற்குள் அடுத்தது வந்து சேரும். பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை பிரித்து நடந்தாலும் இறக்கம் கிடைக்கிறது. மேலப்பாளையம், முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றுகிற அக்காமார் வருவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தே வேலை. மைதானத்துக்கு வா என்றால் நடக்காது. அவர்களிடம் நான் கேட்பது: இலை வெட்டி முடித்ததும் பத்து நிமிடம் மொட்டை மாடி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம், விளக்கு வைத்த பிறகு தெருவில் பத்து நிமிடம். இதைச் சொன்னபடி செய்கிறவர்களுக்குப் பலன் நன்றாகவே தெரிகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தரப் பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு. இப்படித் தொடர்ந்து செய்கிற பி.பி.காரர்களுக்கு ஓய்வு அளவே 5 முதல் 8 வரை குறையும் என்று எதிர்பார்க்கலாம்.

அடுத்து அந்த சிமெண்ட் பெஞ்ச். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான். ஓடும்போது கெண்டைக்கால் சதை ஒவ்வோர் எட்டுக்கும் இரத்தத்தைப் பிழிந்து மேலே இதயத்துக்கு அனுப்புகிறது. சட்டென்று நின்றுவிட்டால் அந்தப் பிழிதல் நின்றுபோகிறது, குழாய்களோ விரிந்தே இருக்கின்றன, இரத்தம் காலிலேயே தேங்குகிறது. மூளைக்குப் போவது குறைந்து கண் இருட்டுகிறது. கடும் வேகத்துக்குப் பிறகு இது இன்னும் மோசம். நம் ஊர் வெயில் இன்னொரு பங்கு சேர்க்கிறது. வெக்கையில் தோலுக்குப் போகும் குழாய்களும் விரிந்துகொள்ளும், வியர்வையில் நீரும் போய்விடும். சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்கு மேல் ஓடுகிறவர்களை நான் தடுத்தே விடுவேன்.

இதைத் தவிர்ப்பது சுலபம். கடைசிச் சுற்றில் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். பிறகு கைவீச்சையும் குறைத்து, கோயில் பிரகாரத்தில் நடப்பது போல ஐந்து நிமிடம் நடங்கள். மூச்சு அடங்கிய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இருபது முப்பது தடவை தூக்கித் தூக்கி இறக்குங்கள். அப்புறம் உட்காரலாம். அப்படியும் கிறுகிறுவென்று வந்தால் வெட்கப்படாமல் அங்கேயே தரையில் மல்லாந்து படுத்து, காலைப் பெஞ்ச் மேல் தூக்கி வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியும். சமாளிக்கிறேன் என்று நின்றுகொண்டே இருந்து விழுந்தவர்களுக்குத்தான் மண்டையில் அடிபடுகிறது. ஓடி முடித்த சூட்டோடு ஆற்றில் இறங்குகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் தோல் குழாய்கள் ஒரேயடியாகச் சுருங்கி அழுத்தம் தூக்கிக்கொண்டு போகும். வெந்நீர் என்றால் நேர்மாறாக இன்னும் இறங்கும். இரண்டுக்கும் கால் மணி நேரம் பொறுங்கள்.

நீங்கள் போடும் அம்லோடிபினும் குழாய்களை விரிக்கிற மாத்திரைதான். பயிற்சியின் விரிவும் மாத்திரையின் விரிவும் கூடித்தான் 108-க்குப் போயிருக்கிறது. கிறுகிறுப்பு இல்லாத 108 பயப்படும் அளவு இல்லை. ஆனால் நீங்கள் கண் இருட்டியதையும் சேர்த்துச் சொல்வதால் டாக்டரிடம் அவசியம் தெரிவியுங்கள். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை போடுகிறவர்கள் வெயில் காலத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நடைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடித்தால் போதும். ஒரு மணி நேர நடைக்கு உப்புக் கரைசல் தேவையில்லை.

எடை தூக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் "நான் மூட்டை தூக்குகிறவன், எனக்கு எதற்கு நடை?" என்று நெல் மண்டியில் வேலை பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரும் பளுவைத் தள்ளும்போது அழுத்தம் எங்கே போகிறது தெரியுமா? 1985-இல் கனடாவில், தேகப்பயிற்சியாளர்களின் குழாய்க்குள் நேரடியாகக் கருவி வைத்து அளந்தார்கள். இரண்டு காலாலும் பளுவைத் தள்ளும்போது சராசரியே 320/250. பளுவை விட்டதும் அதே வேகத்தில் கீழே விழும். பி.பி. கட்டுப்படாதவர்கள் மூச்சடக்கித் தூக்கவே கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். ஜிம்மில் குறைந்த எடையில் பன்னிரண்டு பதினைந்து தடவை தூக்குவது பி.பி.க்கு நல்லதுதான். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்காருவது போல அசையாமல் நிற்கும் பயிற்சிக்கு இப்போது நல்ல ஆதாரம் சேர்ந்திருக்கிறது. 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வந்த அலசலில், அசையாப் பயிற்சிகள் மேல் அளவை சராசரியாக 8 குறைத்தன, நடை ஓட்ட வகைகள் 4.5. இரண்டு நிமிடம் நின்று, இடையே ஓய்வெடுத்து, நாலு தடவை, வாரத்தில் மூன்று நாள் என்பதுதான் வழக்கமான முறை. முட்டி வலி இல்லாதவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு நடையோடு சேர்த்துக்கொள்ளலாம். மூச்சை மட்டும் அடக்காதீர்கள்.

கடைசியாக மாத்திரை. நடந்து முடித்து எடுத்த 124-ஐயும் 108-ஐயும் வைத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. அவை அந்தச் சில மணி நேரத்து அளவுகள். உங்கள் ஓய்வு அளவு தெரிய வேண்டும் என்றால், காலையில் எழுந்து சிறுநீர் கழித்து, நடைக்கும் காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகு சாயும் நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால் தரையில் பதியட்டும், ஒன்றன் மேல் ஒன்று போட வேண்டாம். கை இதய உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். சாயங்காலமும் இப்படியே, ஆனால் நடந்து அரை மணி நேரத்துக்குள் வேண்டாம். ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் எடுக்கும் அளவுக்குக் கோடு 135/85.

அந்தச் சராசரி எழுதிய தாளை டாக்டரிடம் கொடுங்கள். தொடர்ந்து நன்றாக இறங்கியிருந்தால் அளவைக் குறைப்பதா, மாத்திரை நேரத்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். தனியார் டாக்டருக்குச் செலவழிக்க முடியாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. காலையில் ஓய்வில் எடுக்கும்போதே 180/110 இருந்தால் அன்று மைதானத்துக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். நடக்கும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் மேற்கொண்டு ஓர் எட்டுகூட எடுத்து வைக்காமல் 108-ஐ அழையுங்கள்.